குங்குமம் வைத்த கடைசிப் பக்கம்

நன்னிலத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு ஜப்பானியப் புத்தகம் இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு பொட்டுக் குங்குமம் காய்ந்து ஒட்டியிருக்கும். முதல் பக்கத்தில் வைத்ததாகத்தான் குருக்கள் நினைத்திருப்பார்.

2013 விஜயதசமி அது. எங்கள் ஊரிலிருந்து பூந்தோட்டம் பக்கம். பூந்தோட்டத்தை ஒட்டி கூத்தனூர். சரஸ்வதிக்கென்று தனிக்கோயில் உள்ள ஊர். ஒட்டக்கூத்தர் பெயரால் வந்த ஊர் என்பார்கள். அன்றைக்கு அங்கே பிள்ளைகள் சிலேட்டும் நோட்டும் பேனாவுமாக வரிசை கட்டி நிற்பார்கள். அரைக்கால் சட்டைகளுக்கு நடுவே இருபத்தைந்து வயதில் நானும் நின்றேன், கையில் இந்தப் புத்தகத்தோடு. குருக்கள் வாங்கி நம் வழக்கப்படி அட்டையைத் திறந்து குங்குமம் வைத்துக் கொடுத்தார். ஜப்பானிய நாவல் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஓடும். நாம் முதல் பக்கம் என்று திறப்பது அவர்களுக்குக் கடைசிப் பக்கம். சொல்லலாமா என்று வாயெடுத்தேன். பின்னால் கூட்டம் நெருக்கியது. விட்டுவிட்டேன்.

அது நட்சுமே சோசெகியின் 'கொக்கொரோ'. 1914-ல் வந்த நாவல். சோசெகி சாதாரண ஆள் இல்லை. ஜப்பானின் ஆயிரம் யென் நோட்டில் பல வருஷம் அவர் முகம்தான் இருந்தது. அந்த நாவலில் நான் இருபத்துமூன்றாம் பக்கத்தோடு நின்றேன். ஏன் நின்றேன் என்பதைவிட, ஏன் அதை வாங்கினேன் என்பதுதான் சொல்ல வேண்டிய கதை.

டிப்ளமோ முடித்து ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஜப்பானியர்கள் வந்து போகிற இடம். மொழி தெரிந்தால் சம்பளம் கூடும் என்றார்கள். 2012-ல் சென்னையில் சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன்.

ஆரம்பம் என்னைக் கெடுத்துவிட்டது. ஜப்பானிய ஹிராகனாவில் அடிப்படை எழுத்து 46. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை ஐந்து வயதில் படித்துவிட்டு வந்தவனுக்கு அது ஒரு கணக்கா? அதைவிட வியப்பு அதன் வரிசை. ஆசிரியர் பலகையில் அ, இ, உ, எ, ஒ என்று எழுதிவிட்டு, அடுத்து க, ச, த, ந என்று இறங்கினார். அப்புறம் ஹ, பழைய காலத்தில் அது ப-வாக ஒலித்ததாம். பிறகு ம, ய, ர, வ. நம் அரிச்சுவடிதான்! பௌத்தத்தோடு போன வடமொழி எழுத்தறிவிலிருந்து ஜப்பானியர்கள் அமைத்துக்கொண்ட வரிசை அது. சரஸ்வதியும் அதே வழியில்தான் போயிருக்கிறாள். அங்கே பென்சைதென் என்ற பெயரில், வீணைக்குப் பதில் பிவா வைத்துக்கொண்டு இருக்கிறாள். ஒரே வாரத்தில் எழுத்து முடிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

பாடப்புத்தகம் 'மின்னா நோ நிஹோங்கோ'. இந்தியாவில் ஜப்பானியம் படிக்கிறவர்கள் பலர் கையில் இதைப் பார்க்கலாம். முதல் பாகம் 25 பாடம், இரண்டாம் பாகம் 25 பாடம். மில்லர் என்ற அமெரிக்கர் வருவார், குப்தா என்ற இந்தியர்கூட வருவார். மில்லர் கடைக்குப் போவார், கியோத்தோ போவார், எல்லோருக்கும் வணக்கம் சொல்வார். எனக்கு அலுத்துப்போனது. மொழி படிப்பவன் இலக்கியம் அல்லவா படிக்க வேண்டும் என்று தோன்றியது. ஜப்பான் போய் வந்த ஒருவரிடம் சொல்லி 'கொக்கொரோ'வை வரவழைத்தேன். அப்போது ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் நான் எழுதியிருந்தது என்-5 மட்டும். ஐந்து படிகளில் அதுதான் அடிப்படி.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதைப் படிப்பதற்காக நான் வாங்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அட்டை வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்வதற்காக வாங்கினேன்.

பிடித்தது வீண் போகவில்லை. ஒருநாள் கேன்டீனில் ஒரு ஜப்பானிய இன்ஜினியர் பார்த்துவிட்டார். "சுகோய்!" என்றார். பிரமாதம் என்று அர்த்தம். பிறகு ஆர்வமாக, "சென்செய் எப்படி?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "ரொம்ப நல்லவர். சனி ஞாயிறு இரண்டு நாளும் வகுப்பு எடுக்கிறார்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். 'கொக்கொரோ'வின் மையப் பாத்திரத்தின் பெயரே 'சென்செய்' என்பதுதான். முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிற ஆள். அந்த வாக்கியத்தை நான் அகராதி வைத்து ஒரு மணி நேரம் பிரித்தவன். சொற்கள் எல்லாம் பென்சில் குறிப்போடு என்னிடம் இருந்தன. அவற்றுக்குள் இருந்த மனிதரைத்தான் நான் பார்க்கவே இல்லை.

அவர் பேச்சை மாற்றி, ஊரில் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். நெல் என்றேன். இரண்டு மாதம் கழித்து விடுமுறையில் போய் வந்தவர் ஒரு மெல்லிய கையேட்டைக் கொடுத்தார். அவர் மகள் பள்ளியில் வாளியில் நெல் வளர்த்தபோது கொடுத்ததாம். ஜப்பானில் ஐந்தாம் வகுப்பு சமூகப் பாடத்தில் நெல் சாகுபடி வரும். வயல் இல்லாத நகரத்துப் பிள்ளைகளும் ஒரு வாளியில் மண்ணும் தண்ணீரும் வைத்து நெல் வளர்த்துப் பார்க்கட்டும் என்று அங்குள்ள வேளாண் கூட்டுறவு அமைப்பான ஜேஏ விதையும் கையேடும் கொடுக்கிறது.

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. சோசெகி படிக்கிறவனுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் வாளிப் புத்தகமா? பையின் அடியில் போட்டேன். ஒரு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

2014 டிசம்பரில் என்-3 எழுதினேன். 180-க்கு 95 எடுத்தால் தேர்ச்சி. நான் எடுத்தது 102. ஆனாலும் ஃபெயில். இந்தத் தேர்வில் ஒரு கண்ணி இருக்கிறது. சொல்லும் இலக்கணமும் ஒரு பிரிவு, வாசிப்பு ஒரு பிரிவு, கேட்டல் ஒரு பிரிவு, ஒவ்வொன்றும் 60. எந்தப் பிரிவிலும் 19-க்குக் கீழே போகக் கூடாது. வாசிப்பில் எனக்கு 16.

முடிவு வந்தது ஜனவரிக் கடைசியில். சம்பா அறுப்புக்கு லீவு போட்டு வீட்டில் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் தூங்கி எழுந்து வந்தால், அப்பா திண்ணையில் உட்கார்ந்து எதையோ மும்முரமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அழுக்குத் துணிக்காக அம்மா என் பையைக் கவிழ்த்தபோது விழுந்த வாளிப் புத்தகம்.

"ஏண்டா, இவன் வாளியில நாத்து வெச்சிருக்கான்?"

"ஸ்கூல் பசங்களுக்குப்பா. சும்மா."

"சும்மா இல்லடா, ஒழுங்கா பண்றான். இந்தா, விதைய ஊற வெச்சு மொளைகட்ட விட்டுட்டான். இங்க நாத்த எடுத்து மாத்தி நடுறான். இங்க பாரு, தூர் வெடிச்சிருக்கு, எண்ணச் சொல்றான்." பக்கத்தைத் திருப்பினார். படத்தில் வாளியில் தண்ணீர் இல்லை. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "தண்ணிய வடிச்சுட்டு காய்ச்சல் போடுறான். அப்பதான் வேர் கீழ எறங்கும். இந்த எடத்துல என்ன எழுதியிருக்கான், படி பாப்போம்."

படித்தேன். 'நகபோஷி' என்று இருந்தது. நக என்றால் நடு, போஷி என்றால் உலர்த்துவது. கையேடு கைக்கு வந்த புதிதில் அதே சொல்லைச் செல்போன் அகராதியில் தட்டியபோது ஏதோ ஓர் ஆங்கிலத் தொடர் வந்தது. அதுவும் புரியாமல் விட்டிருந்தேன். இப்போது, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த ஒன்று, இன்னொரு மொழியில் எதிரே வந்து நின்றது. எழுத்தைப் பார்க்காமலேயே அப்பா பக்கத்தின் அர்த்தத்தைச் சொல்கிறார். நான் அந்த அர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்குள் போகிறேன். அன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் கையேடு முழுக்க முடிந்துவிட்டது. அகராதியை எடுத்தது நான்கைந்து முறை இருக்கும்.

நான் வாழ்க்கையில் முழுசாகப் படித்து முடித்த முதல் ஜப்பானியப் புத்தகம் அதுதான்.

அதில் பல முடிச்சுகள் அவிழ்ந்தன. ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுவார்கள். ஜப்பானியத்தில் பயிராக நிற்கும்போது இனெ, உமியோடு இருந்தால் மொமி, குத்திய பின் கொமெ, வெந்த பின் கொஹான். நமக்கு நெற்பயிர், நெல், அரிசி, சோறு. நாற்றுக்கு நாஎ, நடவுக்கு தாவுஎ, வரப்புக்கு அஸெ, வைக்கோலுக்கு வாரா, தவிட்டுக்கு நுகா. வகுப்பில் எல்லாமே ஆங்கிலம் வழியாக வந்ததால் இந்த நேர்வழி எனக்குத் தெரியாமலேயே இருந்தது.

இலக்கணமும் அப்படித்தான். 'தாபெதெ மிரு' என்றால் சாப்பிட முயற்சி செய்வது என்று ஆங்கிலக் குறிப்பு சொல்லும். தாபெதெ என்றால் சாப்பிட்டு. மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! செய்துவிட்டேன் என்பதில் வருகிற 'விட்டேன்', செய்து வை என்பதில் வருகிற 'வை', இவற்றுக்கும் அங்கே சோடி உண்டு. நேற்று நான் வாங்கிய புத்தகம் என்று நாம் அடுக்குகிற அதே ஒழுங்கில் அவர்களும் அடுக்குகிறார்கள். இதுபோன்ற ஒற்றுமைகளையும் வைத்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று கடைசிவரை வாதாடினார். 2008-ல் காலமானார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் போகட்டும். படிக்கிறவனுக்கு உறவு முறை வேண்டாம், உதவி செய்தால் போதும்.

அன்று இரவு அப்பாயியிடம் அப்பா கையேட்டைக் காட்டினார். "ஜப்பான் நெல்லா? அதெல்லாம் நாங்க அப்பவே நட்டாச்சு. ஆடுதுறை இருவத்தேழுன்னு வந்துச்சே" என்றது அப்பாயி. சும்மா சொல்லவில்லை. 1960-களில் குறுவைக்கு வந்த ஏடிடி 27 ரகத்துக்கு ஒரு பக்கம் தாய் தகப்பன் 'நோரின்' என்ற ஜப்பானிய நெல், இன்னொரு பக்கம் நம் ஜிஇபி 24. நோரின் என்பது வேளாண்மையும் வனமும் என்று பொருள்படும் சொல். எனக்கு ஜப்பானியம் தெரியும் முன்பே எங்கள் வயலுக்கு அது தெரிந்திருக்கிறது. நான் ஹிராகனா போக காஞ்சி என்ற சீன எழுத்தும் படிக்கிறேன், அன்றாடப் பயன்பாட்டுக்கே 2,136 இருக்கிறது என்றேன். "ரெண்டாயிரம் கஞ்சியா? ஒரு கஞ்சியே எறங்க மாட்டேங்குது எனக்கு" என்று அப்பாயி படுக்கப் போய்விட்டது.

அதன் பிறகு புத்தகம் எடுக்கும் முறையை மாற்றினேன். ஜப்பானில் 'ததோக்கு' என்று ஒரு முறை இருக்கிறது. நிறையப் படிப்பது என்று பொருள். அதற்கு நான்கே விதி: எளியதிலிருந்து தொடங்கு, படிக்கும்போது அகராதியைத் தொடாதே, புரியாத இடத்தைத் தாண்டிப் போ, ஓடவில்லை என்றால் மூடிவிட்டு வேறு புத்தகம் எடு. இதற்கென்றே படிநிலை வாரியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். பல இணையத்தில் இலவசம். நான்காவது விதி எனக்கு மருந்து மாதிரி இருந்தது. எடுத்த புத்தகத்தைப் பாதியில் மூடுவது பாவம் என்று வளர்ந்தவன் நான்.

ஒரு கணக்கும் உண்டு. ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் ஆங்கிலக் கதை வாசிப்பை வைத்துச் செய்த ஆய்வு இது. துணையில்லாமல் புரிந்து படிக்க வேண்டுமானால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சொல் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். 'கொக்கொரோ'வில் எனக்கு ஐந்துக்கு இரண்டு தெரியவில்லை. அது வாசிப்பே இல்லை, குறுக்கெழுத்துப் போட்டி.

நான் வைத்துக்கொண்ட சோதனை இன்னும் எளிது. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திற. தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கு. கை முழுதும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு உனக்கு இல்லை. கீழே வைத்துவிடு, கோபித்துக்கொள்ளாது.

எளியது எல்லாம் நல்லது என்றும் இல்லை. அக்கா பையன் தமிழில் ஷின்சான் கார்ட்டூன் பார்ப்பான். அதை மூலத்தில் பார்த்தால் காது பழகும் என்று உட்கார்ந்தேன். பழகியது. ஒரு கூட்டத்தில் வாய் தவறி 'நான்' என்பதற்கு ஷின்சான் சொல்கிற 'ஓரா'வைச் சொல்லிவிட்டேன். நாட்டுப்புறத்துக் குறும்புப் பயலின் வாயில் வருகிற சொல். மேசையைச் சுற்றி இருந்த ஜப்பானியர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை.

வழி கிடைத்தது இன்னொரு பக்கம். தெத்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்', ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருந்த பள்ளியின் கதை. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டது எங்கள் வீட்டிலேயே இருந்தது; பள்ளி நாட்களில் நாலைந்து தடவை படித்திருக்கிறேன். 1981-ல் வந்த அதன் ஜப்பானிய மூலத்துக்குச் சிறுவர் பதிப்பு ஒன்று உண்டு. காஞ்சி எழுத்துக்குப் பக்கத்தில் பொடியாக உச்சரிப்பைப் போட்டிருப்பார்கள். ஃபுரிகனா என்பார்கள். அதை எடுத்தேன். மதியச் சாப்பாட்டில் கடலும் மலையும் இருக்க வேண்டும் என்று கேட்கிற அந்தத் தலைமையாசிரியர் வரப்போகிறார் என்று பக்கத்தைத் திருப்பும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்த மனிதர் பேசும்போது பாதி காதில் விழுந்தாலும் முழுசும் புரிகிறதே, அப்படி இருந்தது.

தினமும் காலையில் என்எச்கே-யின் எளிய ஜப்பானியச் செய்தி ஒன்று. 1995-ல் கோபே நிலநடுக்கத்தில் வெளிநாட்டவர் அறிவிப்பு புரியாமல் தவித்தார்கள். அதற்குப் பிறகு 'எளிய ஜப்பானியம்' என்ற முயற்சி வளர்ந்தது. அந்த வழியில் வந்த செய்தி இது. முந்தின இரவு தமிழ்த் தொலைக்காட்சியில் பார்த்த செய்தியாகத் தேடி எடுப்பேன். 2016 டிசம்பரில் மறுபடி எழுதி என்-3 தேறினேன். வாசிப்பில் 38.

இத்தோடு முடித்திருந்தால் நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு நன்னிலம் வருகிறேன். திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் ஜப்பானியம் படிக்க வருவார்கள். 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த சிறப்புத் திறன் விசாவில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நினைக்கிறவர்கள். மொழிக்கு என்-4 அல்லது ஜேஎஃப்டி தேர்வு வேண்டும். பராமரிப்புக்கென்று தனியாகத் திறன் தேர்வும் மொழித் தேர்வும் உண்டு. ஜப்பான் ஃபவுண்டேஷன் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் 'இரோதோரி' பாடங்களைத்தான் சொல்லித் தருகிறேன். கடை, பஸ், டாக்டர் வீடு, குப்பை போடும் முறை என்று அன்றாடத்துக்கு உதவுகிறவை.

அவர்களில் ஒரு பெண், நர்சிங் படித்தவள். வாசிப்பு வரவில்லை என்றாள். நான் பெருமையாக வாளிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். என் அனுபவம் முழுக்கச் சொல்லி, இதைப் படி, கதவு திறக்கும் என்றேன். மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏம்மா, முடிச்சிட்டியா?"

"இல்லண்ணா. தூர்னா என்ன, காய்ச்சல்னா என்னன்னே தெரியல. நாங்க கடைத்தெருவுலதானே இருக்கோம். வயலுக்குள்ள எறங்குனதே இல்ல." தயங்கிவிட்டு, "அதுக்கு 'டோட்டோ-சான்' குடுங்கண்ணா" என்றாள், நான் அதையும் புகழ்ந்திருந்ததால்.

எனக்கு ஒரகடம் பஸ் ஞாபகம் வந்தது. அன்று ஊர் மெச்சிய புத்தகத்தை நான் தூக்கிச் சுமந்தேன். இன்று நான் மெச்சிய புத்தகத்தை அவள் தலையில் வைத்திருக்கிறேன். கையேடு கொடுக்கும் முன் அந்த ஜப்பானியர் என்னிடம் கேட்டது என்ன? உங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்றுதானே. பத்து வருஷம் கழித்து, அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே நான் புத்தகம் கொடுத்திருக்கிறேன்.

"உனக்கு எந்த வேலை கண்ணை மூடிக்கிட்டு வரும்?" என்றேன்.

யோசிக்காமல் சொன்னாள்: "படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பொரட்டி விடுறது. ரெண்டு வருஷம் வார்டுல அதான் வேலை."

பராமரிப்புப் பணியாளர்களுக்கான ஜப்பானியப் பாடம் ஒன்றை எடுத்து, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கிற பக்கத்தைக் கொடுத்தேன். படங்களோடு இருந்தது. விரல் வைத்துப் போனவள் ஓரிடத்தில் நின்றாள். "தோகோஸுரெ... தோகோன்னா படுக்கை. ஸுரெ?" உரசுவது என்றேன். "ஓ, படுக்கைப்புண்!" என்றாள். "அதான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவன்னு கீழ போட்டிருக்கான்." அந்தக் கீழ் வரியை நான் இன்னும் படித்திருக்கவில்லை. அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள், அப்பா அன்று போன மாதிரி.

போன விஜயதசமிக்கு அலமாரியைத் துடைக்கும்போது 'கொக்கொரோ' கையில் வந்தது. இருபத்துநாலாம் பக்கத்தைத் திறந்து நின்ற இடத்திலேயே படித்தேன். சென்செய் யாரென்று இந்தத் தடவை தெரிந்தது. தெரியாத சொல்லுக்கு ஒன்று, இரண்டு என்று மடக்கியதில் நான்கு விரல் போயிற்று. கட்டை விரல் மிச்சம் இருந்தது. பக்கத்தைத் திருப்ப அது போதும்.

மெதுவாகத்தான் போகிறது. அட்டை இப்போது உள்பக்கம் மடிந்திருக்கிறது. குங்குமம் வரை போக இன்னும் நாளாகும்.